கொசுவை எண்ணுகிற ஆள் வேண்டும்

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பட்டணத்து நண்பர்களிடமிருந்து எனக்கு வருகிற விசாரிப்பில் பாதி கொசுவைப் பற்றித்தான் இருக்கும். "பொங்கலுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வரலாமா, கொசு எப்படி இருக்கு?" என்பார்கள். அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "உங்க பஞ்சாயத்துல புகை மருந்து அடிக்கிறாங்களா?"

அடிக்கிறாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். மிஷினைத் தோளில் மாட்டிக்கிட்டு ஒருத்தர் வருவார். தெரு முழுக்க வெள்ளையாப் புகை நிற்கும். பிள்ளைங்க பின்னாலேயே ஓடும். பார்க்கிறவங்களுக்கு ஏதோ வேலை நடந்த மாதிரி ஒரு நிம்மதி. ஆனா அந்தப் புகை அப்போ பறந்துக்கிட்டிருக்கிற கொசுவை மட்டும்தான் தொடும். சாக்கடையிலயும் செப்டிக் டேங்கிலயும் நெளியிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. பத்து நாளுக்குள்ள அது றெக்கை முளைச்சு வெளியே வந்துடும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கொசுவைக் கொல்ல ஆள் போடுகிறோம், காசு செலவழிக்கிறோம். கொசுவை எண்ண ஆள் போட யோசிக்கிறோம். எண்ணுகிறதுன்னா வெறும் எண்ணிக்கை இல்லை. எந்தக் கொசு, எந்தத் தண்ணியில முட்டை வைக்குது, எத்தனை மணிக்குக் கடிக்குது, அதோட உடம்புக்குள்ள நோய்க்கிருமி இருக்கா இல்லையா, இதையெல்லாம் வருஷக்கணக்கா விடாமல் பார்க்கிற வேலை. அந்த ஆள் நோய் இருக்கும்போது வேண்டும். நோய் குறைந்த பிறகு அதைவிட அதிகமாக வேண்டும்.

கழனியில் இறங்குகிறவனுக்கு இது லேசாப் புரியும். "பயிர்ல பூச்சி விழுந்துடுச்சு"ன்னு மட்டும் சொல்லி மருந்துக் கடையில போய் நின்னா, கைக்குக் கிடைக்கிற டப்பாவை எடுத்துக் கொடுப்பாங்க. தண்டு துளைப்பானா, இலைச் சுருட்டுப் புழுவா, புகையானான்னு பார்க்காம அடிச்சா காசும் போகும், பயிரும் போகும். புகையான் தூரடியில உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலாக மருந்து அடிச்சா புகையானைத் தின்கிற சிலந்திதான் முதல்ல சாகும். அப்புறம் புகையான் இன்னும் கூடும். அடித்ததால் பெருகிய பூச்சின்னு விவசாயத் துறைக்காரங்களே இதைச் சொல்வாங்க. கொசுவும் பூச்சிதான். அதுக்கு மட்டும் வேற நியாயம் எப்படி இருக்கும்?

கொசுன்னு நாம ஒரே பேர்ல கூப்பிடுறோமே, அதுல குணம் பலது. மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் வகை. அது பெரும்பாலும் தெளிந்த தண்ணியில வளரும். யானைக்கால் நோயை நம்ம பக்கம் பரப்புவது கியூலெக்ஸ் வகையில் ஒன்று. அதுக்கு அழுக்குத் தண்ணி வேணும்: சாக்கடை, கழிவுநீர்க் குழி, மூடாத செப்டிக் டேங்க். ராத்திரியில கடிக்கும். டெங்குவைக் கொண்டுவருகிற ஏடிஸ், வீட்டுக்குள்ளேயும் வீட்டைச் சுற்றியும் தேங்குகிற தண்ணியில வளர்ந்து பகல்ல கடிக்கும். ஆனா டெங்கு வைரஸ் நோய். நான் இங்கே பேசுவது மலேரியா, யானைக்கால் மாதிரி ஒட்டுண்ணியால் வருகிற நோய்களைப் பற்றி.

யானைக்கால்னா உங்களில் இளவயதுக்காரங்களுக்குப் பாடப்புத்தகத்துப் படம் ஞாபகம் வரலாம். எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம் வரும். நடவுக்கு அவங்க கை வேகம் ஊர்ல யாருக்கும் வராது. முப்பது வயசுக்கு மேல அடிக்கடி குளிர்காய்ச்சல், தொடையிடுக்குல நெறி கட்டும், கால் வீங்கும், வடியும். ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் மிச்சம் வச்சுட்டுப் போகும். பத்து வருஷத்துல கால் உரல் மாதிரி ஆயிடுச்சு. சேற்றில் இறங்க முடியலை. கல்யாணம் காட்சிக்குப் போகிறதை அவங்களே நிறுத்திக்கிட்டாங்க. புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்தே காலத்தைக் கழிச்சாங்க. இந்த நோய் ஆளை உடனே கொல்லாது. வேலையையும் மரியாதையையும்தான் முதலில் எடுக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைச்சுக் காய வச்சாலே அந்தக் காய்ச்சல் வருகிறது ரொம்பக் குறையும்னு இன்னைக்கு சுகாதாரத் துறையில சொல்லித் தர்றாங்க. அவங்க காலத்துல எங்க ஊருக்கு வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த நோய்க்குக் காரணம் நூல் மாதிரி ஒரு புழு. வளர்ந்த புழு மனுஷனோட நிணநீர்க் குழாய்ல அஞ்சாறு வருஷம் உயிரோட இருக்கும். அதோட குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுல ரத்தத்துல ஓடும். நம்ம நாட்டுப் புழுவுக்கு ஒரு விசேஷம்: பகல்ல குஞ்சுகள் உள்ளுக்குள்ள ஒதுங்கிக்கும், ராத்திரியிலதான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரத்துக்கும் அதுக்கும் அப்படி ஒரு ஒத்துப்போதல். அதனாலதான் யானைக்கால் பரிசோதனைக்காரங்க ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு மேல வந்து, தூங்குகிறவங்களை எழுப்பி விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. "பகல்ல வர இவங்களுக்கு என்ன கேடு"ன்னு எங்க ஊர்ல திட்டாத ஆள் கிடையாது. காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையை நீட்டியிருப்பாங்க.

கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிச்சதே ஒரு பெரிய கதை. 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், ரத்தத்தில் புழு இருந்த தன் வேலைக்காரரைக் கொசு கடிக்க விட்டு, அந்தக் கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடம்புக்குள் புழு வளர்வது தெரிந்தது. ஒட்டுண்ணி நோய் ஒன்றுக்கும் ரத்தம் குடிக்கிற பூச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. ஆனால் புழு மறுபடி மனுஷனுக்கு எப்படி வருது? கொசு தண்ணியில விழுந்து சாகும், அந்தத் தண்ணியைக் குடிக்கிறவனுக்கு வரும் என்று அவர் நினைத்தார். 1900-ல் லண்டனில் லோ என்பவர் கொசுவின் குழலுக்குள்ளேயே புழுவைப் பார்த்த பிறகுதான், கடி வழியாக வருகிறது என்பது ஊர்ஜிதமாச்சு. இடையில் 23 வருஷம்.

மலேரியாவிலும் இதே கதைதான். ரொனால்டு ராஸ் ரெண்டு வருஷத்துக்கு மேல கொசுக்களை அறுத்துப் பார்த்தும் ஒண்ணும் கிடைக்கலை. காரணம், அவர் பார்த்தது வேற வகைக் கொசு. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20-ல், இறக்கையில் புள்ளி உள்ள அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அந்தக் கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்கிற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஒரு அணா கூலி. நோபல் பரிசு 1902-ல் ராஸுக்குக் கிடைத்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ரெண்டு வருஷம்தான். கொசு வகை தப்பினால் எவ்வளவு கெட்டிக்காரர் உழைச்சாலும் பதில் வராது.

சரி, பழைய கதை போதும். எங்க பக்கத்துக்கு வர்றேன். எங்க ஊரிலிருந்து திருக்கோவிலூர் ஒரு பஸ் தூரம். அந்த வட்டாரத்து கிராமங்களில் 1990-களின் நடுவில் தொடங்கி, மதுரையில் இருந்த மத்திய அரசின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் ஒரு வேலை செய்தது. சில ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தடவை யானைக்கால் மாத்திரை மட்டும். வேறு சில ஊர்களில் மாத்திரையோடு கொசு ஒழிப்பும். கொசு ஒழிப்புன்னா புகை இல்லை. கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்கிற மீன் விட்டார்கள்.

தெர்மாகோல்னதும் உங்களுக்கு வைகை அணை ஞாபகம் வந்து சிரிப்பு வரும். வரட்டும். அணையில காத்து அடிச்சா கரை ஒதுங்கிடும். மூடின குழிக்குள்ள அது எங்கேயும் போகாது. தண்ணி மேல ஒரு விரக்கடை கனத்துக்கு மணிகள் மிதந்தா, புழு மேலே வந்து மூச்சு விட முடியாது, கொசு முட்டை வைக்கவும் முடியாது. பல வருஷம் அப்படியே கிடக்கும். ஆப்பிரிக்காவில் சான்சிபார் தீவின் மகுண்டுச்சி என்ற ஊரில் 1980-களின் கடைசியில் கழிப்பறைக் குழிகளில் இதையே போட்டு, மாத்திரையும் கொடுத்து யானைக்காலை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள்.

திருக்கோவிலூர் ஆராய்ச்சியில் முக்கியமான விஷயம் மாத்திரையை நிறுத்திய பிறகு தெரிந்தது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களில் நோய்ப் பரவல் மறுபடி தலைதூக்க ஆரம்பித்தது. கொசுவையும் சேர்த்துக் கட்டுப்படுத்திய ஊர்களில் கிடைத்த பலன் நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2007-ல் இது வெளிவந்தது. உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர்கள் எங்க பக்கத்து ஊர்கள். இன்னைக்கு அங்கே டீக்கடையில போய்க் கேட்டா, மணி கொட்டினது ஞாபகம் இருக்கிற ஒண்ணு ரெண்டு பெரியவங்க இருக்கலாம். அதனால என்ன தெரிஞ்சதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க இருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கொசு அளவைக் குறைத்தது ஏன் அவ்வளவு பலன் தந்தது என்பதற்கும் பூச்சி ஆராய்ச்சியில்தான் பதில் இருக்கிறது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ள போய் ஆயிரக்கணக்கில் பெருகும். ஒரு கடி போதும். யானைக்கால் புழு கொசுவுக்குள்ள வளரும், பெருகாது. கொசு உறிஞ்சின ஒரு குஞ்சுக்கு அதிகபட்சம் ஒரு புழுதான். மனுஷ உடம்புல ஆணும் பெண்ணுமா புழு சேர்ந்து குஞ்சு போடணும்னா நூற்றுக்கணக்கான, சமயத்தில் ஆயிரக்கணக்கான கடி வாங்கியிருக்கணும். அப்போ கடியின் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனாலே புழுவால் தாக்குப்பிடிக்க முடியாது. எண்ணாமல் அந்த அளவு எப்படித் தெரியும்?

எண்ணுகிறவன் சனங்களோட நிக்கணும் என்பது என் அடுத்த பேச்சு. இதுக்குக் கேரளத்துச் சேர்த்தலையைச் சொல்வேன். அங்கே யானைக்காலைப் பரப்புவது மான்சோனியா என்கிற வேறொரு கொசு. அதோட புழு தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடாது. ஆகாயத்தாமரை வேரில் துளை போட்டு அதிலிருந்து காத்தை எடுத்துக்கும். அதனால தண்ணி மேல எண்ணெய் ஊத்தினாலும் புழு சாகாது. செடியை எடுத்தால்தான் உண்டு. எடுங்கன்னு சொன்னா வேலை முடிஞ்சதா? இல்லை. அந்த ஊர் விவசாயிங்க ஆகாயத்தாமரையைக் குளத்துல விட்டு வளர்த்ததே தென்னைக்கு எருவாப் போடத்தான். எரு தர்ற செடியை எவனாவது சும்மா எடுத்து வீசுவானா?

புதுச்சேரியில் 1975-ல் தொடங்கின நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980-களில் அங்கே போனது. மருந்தைத் தூக்கிக்கிட்டு நிற்காமல், அந்தக் குளத்தில் வேறு என்ன வருமானம் வரும்னு யோசித்தார்கள். ஆகாயத்தாமரையை எடுத்துட்டு மீன் வளர்க்கலாம், எருவை விட மீனுக்குக் காசு கூட வரும் என்று காட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை சேர்த்துக்கொண்டு அதை ஒரு இயக்கமாகவே நடத்தினார்கள். செடி போனது, கொசுவுக்கு வேர் இல்லாமல் போனது. பூச்சியைப் படிச்சவங்க விவசாயியோட மடிக்கணக்கையும் படிச்சதால் நடந்த காரியம் இது.

நெல்லிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. கழனியில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்கள் மூளைக்காய்ச்சலைப் பரப்புகின்றன. அது ஒட்டுண்ணி இல்லை, வைரஸ்தான். ஆனா விஷயம் நம்ம கழனியைப் பற்றியது, அதனால சொல்றேன். மதுரைப் பக்கத்து வயல்களில் அதே மையத்துக்காரங்க வருஷக்கணக்கில் கொசுப்புழுவை எண்ணினார்கள். வெறும் யூரியா போட்டால் புழு கூடுகிறது என்று கண்டார்கள். வேப்பம் புண்ணாக்கு கலந்து போட்டால் குறைகிறது. தண்ணீரை விடாமல் நிறுத்தி வைக்காமல், காயவிட்டுப் பாய்ச்சினாலும் குறைகிறது. விளைச்சலும் விழவில்லை.

யூரியாவோட வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஒரு ராத்திரி வச்சு மறுநாள் தூவுகிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. சத்து வீணாகாம மெதுவாக் கரையணும்னு செய்வோம். அதில் கொசுவுக்கும் ஒரு அடி இருக்குன்னு எங்க பக்கத்து விவசாயிங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காயவிட்டுப் பாய்ச்சுகிறதும் பம்ப் செட் உள்ளவனுக்குச் சரி. வாய்க்கால் பாசனத்துல முறைத் தண்ணி வர்றப்போ பிடிக்காட்டி அடுத்த முறைக்கு உத்தரவாதம் கிடையாது. அவன் கழனியை எப்படிக் காயவிடுவான்? இந்தச் சிக்கலையும் அந்த ஆராய்ச்சிக்காரங்களே பார்த்திருக்காங்க. பார்த்ததை யார் நீர்வளத் துறைக்கும் விவசாயத் துறைக்கும் எடுத்துக்கிட்டுப் போறது? கொசு சுகாதாரத் துறை, தண்ணி இன்னொரு துறை, உரம் வேறொரு துறை. கழனி ஒண்ணுதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிடுறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்க கழனிக்கும் ஒரு தம்பி வருவார். கையில வெள்ளைக் கரண்டி, தோள்ல பை. வரப்போரமா இறங்கி ஒரு கரண்டி தண்ணியை மொண்டு, அதில் எத்தனை புழுன்னு எண்ணி நோட்டுல எழுதுவார். பத்து அடி தள்ளி இன்னொரு கரண்டி. நடவு நட்ட நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் வந்தார். எந்த நிலையத்துக்காரர்னு பேர் வேண்டாம். மோர் கொடுத்தோம், எங்க கிணத்தைக் காட்டினோம். அறுப்போட போனவர்தான். என்ன எண்ணினாங்க, என்ன தெரிஞ்சதுன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட எங்களுக்கு வரலை. அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அவர் தற்காலிக வேலைக்காரர். திட்டத்துக்குப் பணம் முடிஞ்சா அவர் வேலையும் முடிஞ்சது.

"அதான் நோய் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குச் செலவு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கையில இருக்கிற காசு கொஞ்சம், டெங்கு, சர்க்கரை, புற்றுநோய்னு தேவை நிறைய. இதுக்குப் பதில் பக்கத்துத் தீவிலேயே இருக்கு.

இலங்கையில் 1934-35-ல் மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள். அது மழை கொட்டிய காலம் இல்லை, மழை பொய்த்த காலம். ஓடுகிற ஆறு வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோது, அந்தக் குட்டைகளில் அனாஃபிலிஸ் பெருகியது. மழை வந்தால் கொசு, வெயில் வந்தால் இல்லை என்பது நம்ம கணக்கு. அந்தக் கொசுவுக்குக் கணக்கே வேறு. பிறகு வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்து அடித்து நோயைக் குறைத்து, 1963-ல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். முடிஞ்சதுன்னு மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கவனமும் தளர்ந்தது. 1968-69-ல் 5 லட்சம் பேருக்கு வந்தது. நம்ம நாட்டு வண்டவாளமும் அப்படித்தான். 1961-ல் 50,000 வாக்கில் இருந்த மலேரியா, 1976-ல் 64 லட்சமாக ஏறியது.

இலங்கை ரெண்டாவது தடவை அந்தத் தப்பைச் செய்யவில்லை. 2012-க்குப் பிறகு உள்ளூரில் ஒருவருக்கும் பரவவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சான்று கிடைத்த பிறகும் அவர்கள் கிணறு கிணறாகக் கொசுப்புழு பார்ப்பதை விடவில்லை. மூன்றே மாசத்தில், டிசம்பரில், மன்னாரில் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்டுக்கே அது புதுசு. நோய் வந்த பிறகு தேடிக் கண்டுபிடித்தது இல்லை. நோய் வருவதற்கு முன்னாலேயே, எண்ணிக்கொண்டிருந்ததால் கண்ணில் பட்டது. கிணறுகளில் மீன் விட்டார்கள், பயன்படாத கிணறுகளை மூடினார்கள். எண்ணுகிறவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்திருக்கும்.

இந்த ஸ்டீஃபென்சி யார் தெரியுமா? சென்னைக்காரங்களுக்குப் பழைய சொந்தக்காரன். இந்தியப் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புகிற கொசு இதுதான். கிணற்றிலும் மொட்டை மாடித் தண்ணித் தொட்டியிலும் வளரும். கழனி, வாய்க்கால் ஒண்ணும் வேண்டாம், மூடியில்லாத ஒரு சின்டெக்ஸ் போதும். 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் பிறகு எத்தியோப்பியாவிலும் தலைகாட்டி, அங்கேயும் பட்டணத்து மலேரியாவைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வந்தால் கொசு கடிக்குமான்னு என்னைக் கேட்கிறவங்க, போய் உங்க மாடித் தொட்டியின் மூடியை ஒரு தடவை பாருங்க. கிராமத்துக் கொசு வேறு, பட்டணத்துக் கொசு வேறு. ரெண்டுமே நாம வச்சிருக்கிற தண்ணியிலதான் பிறக்குது.

யானைக்காலை 2027-க்குள் ஒழிக்கணும்னு இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. மலேரியாவுக்கு 2030. நல்ல காரியம், நடக்கட்டும். என் பயம் இலக்கை எட்டாமல் போவதைப் பற்றி இல்லை. எட்டின மறுநாளைப் பற்றி. கொசு அப்படியே இருக்கும். செப்டிக் டேங்கும் சாக்கடையும் முன்னைவிட அதிகமாக இருக்கும். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியிருக்கோம், நல்லதுதான், ஆனா காத்துக் குழாய்க்கு வலை கட்டினது எத்தனை வீட்டில்? புழு உள்ள நாலு பேர் எங்கிருந்தாவது வேலைக்கு வந்து தங்கினால் போதும், சங்கிலி மறுபடி கோத்துக்க வழி இருக்கு. வேலைக்கு வர்றவங்களைக் குத்தம் சொல்ற பேச்சு இல்லை இது. எங்க ஊர்க்காரங்களும் பிழைப்புக்கு நாலு ஊர் போறவங்கதான். அந்த நாலு பேரையும் கொசுவையும் சேர்த்துக் கவனிக்க ஒரு ஆள் வேணும்னு சொல்றேன்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோணுகிறதைச் சொல்றேன்.

கொசு பிடிக்கிறது, இனம் பிரிக்கிறது, அறுத்துப் பார்க்கிறது, இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருகிற வேலை. ராத்திரி முழுக்க மாட்டுக்கொட்டாய்ல டார்ச்சும் உறிஞ்சு குழாயுமா உட்கார்ந்து பழகினவர் ஓய்வு பெறுகிறபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்க ஒரு இளவட்டம் இருக்கணும். அது திட்டக் கூலியாக இல்லாமல் நிரந்தர வேலையாக இருக்கணும். நெல் விதை மாதிரிதான் இது. ஒரு போகம் விட்டால் பரவாயில்லை, மூணு வருஷம் விட்டால் முளைப்பு போயிடும்.

எங்க கழனியில எண்ணினதை எங்ககிட்டத் தமிழ்ல சொல்லணும். கிராம சபைக் கூட்டத்துல பத்து நிமிஷம் போதும். இந்த ஊர்ல இந்தக் கொசு, இந்தத் தண்ணியில வளருது, இதைச் செஞ்சா குறையும்னு சொல்லிட்டா, மிச்சத்தை நாங்க பார்த்துக்குவோம். காத்துக் குழாய்க்குக் கட்டுற வலை பெரிய செலவு இல்லை. அது ஏன்னு தெரிஞ்சா கட்டுவோம்.

பட்டணத்து நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க பிள்ளைகளில் ஒருத்தருக்காவது பூச்சி, புழு, தவளைன்னு பார்க்கிறதில் ஆசை இருந்தால் தடுக்காதீங்க. புதுச்சேரி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் என்று எம்.எஸ்சி. படிப்பே இருக்கு. நீட்டில் இடம் கிடைக்காததை நினைச்சு அழுகிற பிள்ளைக்கு அதைச் சொல்லுங்க. டாக்டர் நோய் வந்தவரைப் பார்க்கிறார். இவங்க வராம இருக்கிறதுக்குப் பார்க்கிறாங்க. சம்பளமும் மரியாதையும் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இல்லைங்கிறதுதான் குறை. அதைக் கேட்க வேண்டிய இடத்துல கேட்கிற வாய் உங்களுக்கு இருக்கு. நாங்க கேட்டா மனு, நீங்க கேட்டா செய்தி.

இனி யாராவது உங்க தெருவில் கரண்டியும் நோட்டுமாக வந்து "மாடித் தொட்டியைப் பார்க்கலாமா"ன்னு கேட்டால் கதவைச் சாத்தாதீங்க. மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, என்ன புழு கிடைச்சுதுன்னு நின்னு கேளுங்க. சொல்லலைன்னா விடாதீங்க, சொல்ற வரைக்கும் கேளுங்க.